மழை அங்கே, வெள்ளம் இங்கே: திருவண்ணாமலை விட்டுச் சென்ற பாடம்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலை மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் சரிந்து வீடுகள் மீது விழுந்தன. ஐந்து பிள்ளைகள் உட்பட ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். அந்தச் செய்தி நம் கைப்பேசிகளில் பரவிக்கொண்டிருந்த அதே இரவில், அதே மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணைக்குத் தண்ணீர் பெருக்கெடுத்து வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின.

மலையில் ஒன்று, ஆற்றில் ஒன்று. இரண்டும் ஒரே மழையின் விளைவு. இரண்டிலும் மக்கள் சிக்கிக்கொண்டதற்குப் பொதுவான ஒரு காரணமும் உண்டு. ஆபத்து நம் தலைக்கு மேலே வேறோர் இடத்தில் உருவாகிறது. அது நம் வாசலுக்கு வரும் வரை நமக்குத் தெரிவதில்லை. 'நம்ம ஊரில் மழை விட்டுவிட்டது, இனி பயமில்லை' என்று நிம்மதியாகப் படுக்கும் இரவுதான் ஆற்றங்கரைக்காரருக்கு மிக ஆபத்தான இரவு. இதைப் புரிந்துகொண்டால் அடுத்த மழைக்கு முன் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் அது விரைந்து நகரவில்லை. அங்கேயே தயங்கி நின்று கொட்டியது. ஒரே நாளில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 51 செ.மீ., புதுச்சேரியில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது. பிறகு வலுவிழந்து உள்மாவட்டங்களுக்கு நகர்ந்து, அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தாலே வானிலை ஆய்வு மையம் அதை 'அதிகனமழை' என்கிறது. ஊத்தங்கரையில் பெய்தது அதைப் போல் இரண்டரை மடங்கு.

ஊத்தங்கரை மழைக்கும் திருக்கோவிலூர் வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு? ஊத்தங்கரைப் பகுதியின் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களைக் கடந்து, சாத்தனூர் அணைக்கு வருகிறது. அங்கிருந்து திருக்கோவிலூர், விழுப்புரம் பகுதிகளைத் தாண்டி கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அதாவது, கடலூரில் ஆற்றோரம் குடியிருக்கும் ஒருவர் தன் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. தர்மபுரி மலைகளிலும் கிருஷ்ணகிரியிலும் என்ன பெய்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இது புதிய அனுபவமல்ல. 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாற்று வெள்ளம் சூறையாடியது. மேலே, அன்றைய மைசூர் சமஸ்தானப் பகுதியில் ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் அது. நம் சமுதாயத்தின் பழம்பெரும் ஊர்களில் ஒன்றான வாணியம்பாடியில் அந்த வெள்ளத்தில் மாண்டவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. 120 ஆண்டுகளுக்குப் பிறகு பாலாற்றுக்குப் பதிலாகத் தென்பெண்ணை அதே பாடத்தை நடத்தியது.

1.68 லட்சம் கனஅடி என்றால் என்ன?

செய்திகளில் 'கனஅடி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அது எவ்வளவு தண்ணீர் என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால் 1.68 லட்சம் கனஅடி என்பது வினாடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வினாடியும் அப்படிப்பட்ட 400 லாரிகளின் தண்ணீர் ஒரே நேரத்தில் கொட்டப்படுகிறது என்று பொருள்.

இன்னொரு கணக்கும் தேவை. சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி. அன்று வந்த அளவில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், அணை முற்றிலும் காலியாக இருந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆனால் அன்று அணை காலியாக இல்லை. ஏற்கெனவே ஏறத்தாழ நிறைந்திருந்தது. நிறைந்த அணையால் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. வருவதை அப்படியே கீழே அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. 'மேலே அணை இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை மழைக்காலத்தின் பிற்பகுதியில் நமக்கு உதவாது.

எச்சரிக்கை எங்கே நின்றது?

வெள்ளம் வடிவதற்குள் அரசியல் விவாதம் தொடங்கியது. முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டது, படிப்படியாகவே தண்ணீர் திறக்கப்பட்டது என்றது அரசு. புயல் வருவதற்கு முன்பே அணையின் நீர்மட்டத்தைக் குறைத்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதே நேரத்தில், முன்கூட்டியே திறந்து புயல் திசைமாறிப் போயிருந்தால் விவசாயிக்குப் போக வேண்டிய தண்ணீரை வீணாக்கினார்கள் என்று அதே அரசைக் குறை சொல்லியிருப்போம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இந்த விவாதத்தில் யார் வென்றாலும் கரையோரக் குடும்பத்துக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்பது ஒன்று. அது வந்து சேர்ந்தது என்பது வேறொன்று. அணையிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கு என்று இறங்கி வரும் செய்தி, ஆற்றோரத்துக் கடைசி வீட்டின் கதவைத் தட்டியதா? இரவு இரண்டு மணிக்கு வரும் குறுஞ்செய்தியை யார் படிப்பார்? மின்சாரம் போய்க் கைப்பேசி அணைந்துபோன வீட்டில் என்ன நடக்கும்? கணவர் வளைகுடாவில், பெரியவர் படுக்கையில், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று இருக்கும் வீட்டுக்கு 'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பாக வெளியேறவும்' என்ற ஒற்றை வரி போதுமா?

கடைசி வீட்டை எட்டும் இந்தப் பகுதியை எந்த அரசும் தனியாகச் செய்துவிட முடியாது. செய்து காட்டிய நாடு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1970 புயலில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு வங்கதேசம் ஊருக்கு ஊர் தன்னார்வலர்களைத் திரட்டியது. கையில் மெகாஃபோனுடன் வீடு வீடாகப் போகிறவர்கள், கொடி ஏற்றுகிறவர்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர்கள் என்று ஒரு சங்கிலி உருவானது. புயல்கள் அதன் பிறகும் வந்தன. ஆனால் உயிரிழப்பு முன்பிருந்ததில் சிறு பங்காகக் குறைந்துவிட்டது.

அமெரிக்காவின் டெக்சாஸில் 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு பெருகி, கெர் மாவட்டத்தில் மட்டும் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கம்ஃபர்ட் என்ற சிற்றூரில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவ்வூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையினர் சைரனை ஒலிக்கவிட்டு, வீடு வீடாகப் போய் மக்களை எழுப்பி வெளியேற்றியிருந்தார்கள். வல்லரசு நாட்டிலும் கடைசியில் காப்பாற்றியது ஒரு சைரனும் கதவைத் தட்டிய கைகளும்தான்.

நம் கையில் இருக்கும் ஒலிபெருக்கி

நம் ஊர்களில் அந்தச் சைரன் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது. தெருவில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அறிந்த ஜமாஅத் இருக்கிறது. ஃபஜ்ருக்கு முன்பே விழித்திருக்கும் மோதினாரும் முதியவர்களும் இருக்கிறார்கள். சாத்தனூரில் தண்ணீர் திறக்கப்பட்டதும் அந்த வேளைக்குச் சற்று முன்னால்தான்.

இதில் சட்டச் சிக்கல் வருமோ என்று சில நிர்வாகிகள் தயங்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பொது நெருக்கடிக் காலத்துக்கு விலக்கு அளிக்கின்றன. வெள்ள எச்சரிக்கை அந்த வகையைச் சேர்ந்ததே. காவல் நிலையத்துக்கும் வருவாய்த் துறைக்கும் மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு கடிதம் கொடுத்து, யார் சொன்னால் அறிவிப்பது என்று பேசி வைத்துக்கொண்டால் தயக்கத்துக்கு இடமிருக்காது. மின்சாரம் இருக்காது என்பதால் பேட்டரியில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர் அவசியம். அறிவிப்பு நம் தெருவுக்கு மட்டுமானதல்ல. ஆற்றங்கரையில் இருக்கும் கோயில் தெருவுக்கும் மாதா கோவில் தெருவுக்கும் சேர்த்தே அது ஒலிக்க வேண்டும். அங்குள்ளவர்களையும் இந்தச் சங்கிலியில் இணைக்க வேண்டும்.

2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உணவுப் பொட்டலங்கள் சுமந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஓடி வருவதில் நம் சமுதாயம் யாருக்கும் சளைத்ததல்ல. அந்த உழைப்பில் ஒரு பங்கை வெள்ளத்துக்கு முந்தைய இரவுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. பிறகு கொடுக்கும் போர்வையைவிட, முன்பே தட்டும் கதவு பெரிய உதவி.

மலையடிவார வீடுகள்

திருவண்ணாமலை மலை 2,668 அடி உயரம். அதில் பெய்யும் மழை நாலாபுறமும் ஓடைகளாக இறங்குகிறது. அடிவாரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் பெரும்பாலும் எளிய மக்கள். நகருக்குள் மனை வாங்க முடியாதவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்குவதால் யாருக்கும் பயனில்லை. மாற்று இடம் தருவதும், ஓடை வழிகளை மீட்பதும் அரசின் கடமை. அதுவரை அங்கே வாழ்பவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமே!

மண்சரிவுக்கு முன் மலை சில அறிகுறிகளைக் காட்டும். தரையிலோ சுவரிலோ புதிய விரிசல் விடும். மரமோ மின்கம்பமோ சாயும். நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று சிக்கும். சரிவிலிருந்து கலங்கிய தண்ணீர் புதிதாகக் கசியும். கல் உருளும் சத்தம் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமான்களை எடுக்க நிற்காமல் சரிவுக்குப் பக்கவாட்டில் வெளியேற வேண்டும். நாள் முழுக்கக் கனமழை பெய்திருந்தால் அறிகுறிக்குக்கூடக் காத்திருக்காமல், அன்று இரவு உறவினர் வீட்டிலோ முகாமிலோ தங்கிவிடுவது நல்லது. வெள்ளம்போல் மண்சரிவு ஏறி வருவதில்லை. ஒரு நொடியில் விழுந்துவிடும்.

அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். ஆண்டுதோறும் மலையேறும் பக்தர்களுக்கு, வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்த பிறகு, அரசு அனுமதி மறுத்தது. தீபம் ஏற்றப்பட்டது, கூட்டம் ஏறவில்லை. நெடுங்கால வழக்கமாகவே இருந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றால் ஓராண்டு நிறுத்தி வைக்கலாம் என்ற அந்த முடிவு சரியானது. எல்லாச் சமயத்தவரின் கூட்டங்களுக்கும், நம் கந்தூரி, இஜ்திமா உட்பட, அதில் பாடம் இருக்கிறது.

பெருநாள் விடுமுறையும் மலை ஆறுகளும்

பெருநாள் முடிந்ததும் குடும்பத்தோடு குற்றாலம், ஒகேனக்கல், ஏற்காடு, ஜவ்வாது மலை பீமன் அருவி என்று கிளம்புவது நம் வழக்கம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். 2025 ஜூன் 27 அன்று பாகிஸ்தானின் ஸ்வாத் ஆற்றங்கரையில் சுற்றுலா வந்த குடும்பத்தினர் ஆற்றுப் படுகையில் நின்றிருந்தபோது தண்ணீர் ஏறத் தொடங்கியது. நடுவில் இருந்த சிறு மேட்டில் ஒதுங்கினார்கள். மேடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தக் காணொளியை நம்மில் பலர் கண்கலங்கப் பகிர்ந்தோம். பகிர்ந்ததோடு நின்றுவிடக் கூடாது.

மலை ஆறு பெருகும் முன் சில அடையாளங்கள் தெரியும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலே இரைச்சல் கூடும். சில வேளைகளில் நீரோட்டம் திடீரெனக் குறையும். மேலே மரமோ பாறையோ அடைத்து நிற்கிறது, உடைந்தால் மொத்தமாக வரும் என்று அதற்குப் பொருள். இவற்றில் எதைக் கண்டாலும் செருப்பை, பையை, கைப்பேசியை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். ஆற்று நடுவே உள்ள பாறை, மணல் திட்டு இவற்றில் பாய் விரித்துச் சாப்பிட உட்காரவே கூடாது. மேலே மலையில் மேகம் கறுத்திருந்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் அன்று ஆற்றில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் வந்துவிட்டால்

முதல் விதி, ஓடும் தண்ணீரைக் கடக்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி உயரம் இருந்தாலே வளர்ந்த மனிதரின் காலை வாரிவிடும். ஓரடித் தண்ணீரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடி வந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 'நான் தினமும் போகும் தரைப்பாலம்தான்' என்ற நம்பிக்கையில் பைக்கை இறக்குபவர்கள் பலர் திரும்பி வருவதில்லை. தண்ணீருக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

புதிய பாலமும் விதிவிலக்கல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம் பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, 2024 செப்டம்பரில் திறந்த பாலத்தை டிசம்பர் வெள்ளம் அடித்துச் சென்றது. வினாடிக்கு சுமார் 54 ஆயிரம் கனஅடிக்குத் திட்டமிட்ட பாலத்தின் மீது சுமார் 2 லட்சம் கனஅடி பாய்ந்தது என்று அரசு விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், பழைய கணக்குகளை மழை மிஞ்சத் தொடங்கிவிட்டது என்பது உறுதி. 'எங்கள் வாப்பா காலத்தில்கூட இங்கே தண்ணீர் ஏறியதில்லை' என்பது இனி ஆதாரமாகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஆதார், குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே உறையில் தண்ணீர் புகாதபடி வைத்திருங்கள். பெரியவர்களின் மாத்திரைகள், ஒரு டார்ச், குடிநீர், பிள்ளைகளுக்குத் தேவையானவை ஒரு பையில் இருக்கட்டும். எந்த மேட்டுக்கு, எந்த வழியாக, யார் யாரைத் தூக்கிக்கொண்டு போவது என்பதைப் பகலில் ஒரு முறை நடந்து பாருங்கள். வெளியேறும் முன் மின்சார மெயினை அணையுங்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள். கட்டிப்போட்ட ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112 ஆகிய எண்கள் சமையலறைச் சுவரில் எழுதியிருக்கட்டும். அரசின் டிஎன்-அலர்ட் செயலி வீட்டில் ஒரு கைப்பேசியிலாவது இருக்கட்டும்.

கிராம சபையில் ஒரு கேள்வி

ஜமாஅத்தும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், ஏற்கெனவே உள்ள அணைகளுக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் அவசரகாலச் செயல் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 30. ஆகவே கெடு 2026 டிசம்பர். நம் ஊருக்கு மேலே உள்ள அணைக்கு அந்தத் திட்டம் இருக்கிறதா, இவ்வளவு தண்ணீர் திறந்தால் எந்தத் தெரு வரை ஏறும், எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும், யார் யாருக்குச் சொல்வார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய இரு கிராம சபைக் கூட்டங்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வருகின்றன. அங்கே எழுந்து கேட்டுத் தீர்மானமாகப் பதிய வைக்க வேண்டும். 'கனஅடி' கணக்கை 'உங்கள் தெருவில் இடுப்பளவு' என்று மாற்றிச் சொல்லும்படி அதிகாரிகளைக் கேட்பதும் அதில் அடங்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும் பாடத்தை மதரஸாவில் எல்லோரும் கற்றிருக்கிறோம். மழைக்காலத்தில் அந்தக் கயிறு என்பது ஒரு பேட்டரி, ஒரு பட்டியல், இரவில் கதவைத் தட்டத் தயாராக இருக்கும் நான்கு இளைஞர்கள். ஒவ்வொரு மஹல்லாவும் வரும் பருவமழைக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் இந்த மூன்றும் தயாராகிவிடும். வ.உ.சி. நகரில் இறந்த அந்த ஐந்து பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகளாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அடுத்த மழையில் எந்த வீட்டிலும் அப்படியொரு துயரம் நேராமல் இறைவன் காப்பானாக.